கோப்பு எந்த மேசையில் இருக்கிறது?

சென்ற மாதம் என் பேத்தி எனக்கு ஒரு புது மடிக்கணினி வாங்கி வந்தாள். பழைய கணினிக்குப் பன்னிரண்டு வயது. பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி குடித்து முடித்தால்தான் கண் திறக்கும். புதியதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள். பழையதில் இருந்த என் கட்டுரைகள், கடிதங்கள், கல்யாண மொய்க் கணக்குகள் என்று முந்நூற்றுச் சொச்சம் கோப்புகளை, பைத்தான் மொழியில் நாலைந்து வரி எழுதி அரை நிமிடத்தில் புதியதற்கு மாற்றியும் கொடுத்தாள்.

மறுநாள் காலை திறந்து பார்த்தால் எல்லாக் கோப்புக்கும் ஒரே தேதி. என் மனைவி இருந்த காலத்தில் எழுதியதும், போன வாரம் எழுதியதும், ஒரே நாளில் பிறந்த பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. நான் கட்டுரையின் தலையில் தேதி போடும் பழக்கம் இல்லாதவன். அதைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டேன். முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தவன் செய்யக்கூடாத காரியம்.

பேத்தியைக் கூப்பிட்டேன். "இருங்க தாத்தா, பார்க்கிறேன்" என்று கறுப்புத் திரையில் ஏதோ தட்டினாள். வரிசையாகப் பத்து எண்கள் வந்தன. "என்னம்மா இது?" என்றேன். "ஃபைல் ஸ்டேட்டஸ் தாத்தா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1974இல் வேலையில் சேர்ந்து 2009இல் ஓய்வு பெறும் வரை, ஒரு நாள் தவறாமல் யாராவது ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

அந்தப் பத்து எண்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். கோப்பு என்ன வகை, யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற அனுமதி ஒன்று. கணினி தனக்குள் வைத்துக்கொள்ளும் கோப்பு எண் ஒன்று. அதற்கு ஐநோடு என்று பெயர். எந்த வட்டு, எத்தனை பெயர்களில் வழங்குகிறது, யாருக்குச் சொந்தம், எந்தக் குழுவுக்குச் சொந்தம், எவ்வளவு பெரியது என்று ஐந்து. கடைசியில் மூன்று நேரங்கள்: கடைசியாகப் படித்த நேரம், கடைசியாக உள்ளடக்கம் மாறிய நேரம், கடைசியாக நிலை மாறிய நேரம். பெர்ல் என்ற இன்னொரு மொழியில் கேட்டால் பதின்மூன்று விவரம் வருமாம். மொழி எதுவானாலும் கேள்வி போய் நிற்கும் இடம் ஒன்றே. 'ஸ்டாட்' என்பது அதன் பெயர். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. அதிலேயே இது இருக்கிறது. நான் குமாஸ்தா ஆவதற்கு மூன்று வருடம் முன்பே இந்தக் கேள்விக்கு அங்கே ஏற்பாடு செய்து வைத்துவிட்டார்கள்.

நேரத்தை அவர்கள் எண்ணிய விதம் வேடிக்கை. முதலில் 1971 ஜனவரி 1 முதல், ஒரு விநாடியை அறுபது கூறாக்கி எண்ணினார்கள். அப்படி எண்ணினால் இரண்டேகால் வருடத்தில் கணக்குப் பெட்டி நிரம்பிவிடும். பிறகு புத்தி வந்து, 1970 ஜனவரி 1 முதல் முழு விநாடிகளாக எண்ணத் தொடங்கினார்கள். அந்தப் பழைய அளவுப் பெட்டியை இன்னும் வைத்திருக்கும் கருவிகளில் 2038 ஜனவரி 19ஆம் தேதி அது நிரம்பும். அதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன் என்றேன். பேத்தி முறைத்தாள்.

என் பள்ளிப்படிப்பு புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அப்பா அங்கே மில் வேலை. அதனால் எந்தச் சொல்லைப் பார்த்தாலும் பிரெஞ்சில் அது என்ன என்று மனம் ஓடும். பிரெஞ்சில் காகிதக் கோப்பு 'தொசியே'. முதுகு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. கட்டின் முதுகில் பெயர் எழுதி ஒட்டியதால் அப்படி. கணினிக் கோப்புக்கு அவர்கள் வேறு சொல் வைத்திருக்கிறார்கள், 'ஃபிஷியே'. ஆங்கிலத்தின் 'ஃபைல்' நூல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாகப் போனது. காகிதங்களை நூலில் கோத்து வைத்த காலத்துப் பெயர். நம் 'கோப்பு' அதே கோத்தலிலிருந்துதான் வந்திருக்கிறது. லத்தீன்காரனும் தமிழனும் ஒரே வேலையைப் பார்த்து ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் ஊசியால் துளை போட்டு, 'டேக்' கோத்து, மேலே அட்டை வைத்துக் கட்டியபோதெல்லாம் அந்தப் பெயர்ப் பொருத்தத்தை நினைத்துக்கொள்வேன்.

அம்மாவின் ஊர் திண்டுக்கல். அப்பா வேலை முடிந்து இங்கே வந்து குடியேறினார். தேர்வாணையத் தேர்வு எழுதி நானும் இங்கேயே இளநிலை உதவியாளர் ஆனேன். முதல் நாள் தலைமை எழுத்தர் என் முன்னால் ஒரு நீளமான பதிவேட்டை வைத்து, "தம்பி, நீ செத்தாலும் இது சாகக்கூடாது" என்றார். அதுதான் தன் பதிவேடு. நாங்கள் சுருக்கமாகப் பி.ஆர். என்போம்.

சென்னை மாகாணத்து அலுவலகங்களில் பழகிய எல்லோருக்கும் டாட்டன்ஹாம் முறை என்ற பெயர் தெரிந்திருக்கும். டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் வழங்கும் ஏற்பாடு இது. தமிழ்நாடு, ஆந்திரம், கேரளம் மூன்றிலும் அலுவலகங்கள் பல தலைமுறை அதன் மேல்தான் ஓடின. தபால் வந்ததும் தேதி முத்திரை. பிறகு பகிர்மானப் பதிவேட்டில் ஏறி ஓர் எண் பெறும், அதுதான் ந.க. எண். ஜனவரி முதல் தேதி ஒன்றில் தொடங்கி டிசம்பர் முடிய ஓடும். பிறகு அந்தந்தப் பிரிவு எழுத்தரின் பி.ஆரில் ஏறும். யாரிடமிருந்து வந்தது, என்று வந்தது, பொருள் என்ன, என்று மேலே வைத்தேன், என்று திரும்பியது, யாருக்கு எழுதினேன், பதில் வந்ததா, எத்தனை நினைவூட்டு, முடிவில் என்ன ஆனது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். முடிந்த கோப்புக்கும் ஆயுள் உண்டு. எல்.டிஸ். என்றால் ஒரு வருடம், கே.டிஸ். மூன்று, டி.டிஸ். பத்து, ஆர்.டிஸ். நிரந்தரம்.

பேத்தியின் பத்து எண்ணுக்கு நான் இதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஐநோடுதான் எங்கள் ந.க. எண். கோப்பின் பெயரை ஆயிரம் தடவை மாற்றினாலும் எண் மாறாது. யூனிக்ஸில் பெயர் கோப்புக்குள் இருப்பதே இல்லையாம். பெயர் தனிப் பட்டியலில் இருக்கும், அது எண்ணைச் சுட்டும். இன்னொன்றும் பிடித்திருந்தது. சில கோப்புகள் உண்மையில் கோப்பே அல்ல, வேறு இடத்தில் உள்ள கோப்பைக் காட்டும் சீட்டு. 'ஸ்டாட்' கேட்டால் சீட்டைப் பின்தொடர்ந்து போய் அசல் கோப்பின் நிலையைச் சொல்லும். 'எல்ஸ்டாட்' கேட்டால் சீட்டின் நிலையை மட்டும் சொல்லும். எங்கள் ஆவண அறையில் ஒரு பழைய கோப்பை எடுத்தால் அதன் இடத்தில் கோரிக்கைச் சீட்டை வைத்துவிட்டு எடுப்போம். சில சீட்டுகள் ஐந்தாறு வருடம் அங்கேயே காவல் இருக்கும். ஆவணக் காப்பாளரைக் கேட்டால், "சீட்டு இருக்கு சார்" என்பார் திருப்தியாக. எல்ஸ்டாட்!

ஆனால் ஒன்று என்னை உறுத்தியது. அந்தப் பத்திலும் கோப்பு பிறந்த தேதி இல்லை. மூன்றாவது நேரத்தைப் பிறந்த நேரம் என்று பலர் தவறாக நினைக்கிறார்களாம். அது நிலை மாறிய நேரம் மட்டுமே. அனுமதியையோ உரிமையாளரையோ மாற்றினாலும் அது மாறும். பிறந்த நேரத்தைக் கேட்டு வாங்கும் வசதி லினக்ஸுக்கே 2017இல்தான் வந்தது. பேத்தி அதையும் எடுத்துக் காட்டினாள். அதில் இருந்ததும் போன சனிக்கிழமைதான். புது வட்டில் அந்தக் கோப்பு அன்றுதான் பிறந்திருக்கிறது. கணினி பொய் சொல்லவில்லை.

இங்கேதான் எனக்கு 1985 நினைவுக்கு வந்தது.

அந்த வருடம் செப்டம்பர் 15 அன்று மதுரை மாவட்டத்திலிருந்து திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. (யூனிக்ஸ் கணக்கில், கிரீன்விச் நள்ளிரவுக்கு, 49,55,90,400ஆவது விநாடி. பேத்தியைக் கணக்குப் போடச் சொன்னேன்.) 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல்லைக் கம்பெனி வாங்கிய காலத்தில் இங்கே கலெக்டர் இருந்தார், பிறகு எல்லாம் மதுரைக்குப் போனது. நூற்றெண்பது வருடம் கழித்து அதிகாரம் திரும்பி வருகிறது என்று ஊரில் பட்டாசு வெடித்தார்கள். எங்களுக்கு வந்து சேர்ந்தவை கோப்பு மூட்டைகள். பழனி, நிலக்கோட்டை, வேடசந்தூர், கொடைக்கானல் பக்கத்து விவகாரங்கள் எல்லாம் கட்டுக் கட்டாக லாரியில் வந்து இறங்கின. கித்தான் துணியில் கட்டி, மேலே தாலுகா பெயரைச் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். மழை வேறு. பாதிப் பெயர் அழிந்து போயிருந்தது.

நான் அப்போது இருந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். வந்த கோப்புகளுக்கு நாங்கள் புது ந.க. எண் கொடுத்தோம், புது பி.ஆரில் ஏற்றினோம். வரப்பெற்ற நாள் என்ற கட்டத்தில் எங்களுக்கு வந்த நாளைப் போட்டோம். விதிப்படி சரி. அனுப்பிய இடத்தில் அது முடிந்த கோப்பு, வந்த இடத்தில் புதிய கோப்பு. மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியல் போட்டபோது மூன்று வருடத்துக் கோப்பெல்லாம் ஒரு மாதத்துக்கு உட்பட்டவை என்ற வரியில் போய் உட்கார்ந்தன. பட்டியல் மிக அழகாக இருந்தது. அதிகாரி எங்களைப் பாராட்டினார்.

அந்தக் கோப்புகளில் ஒன்று வேடசந்தூர் பக்கத்து ஓர் அம்மாவினுடையது. கணவர் இறந்தவர். ஒன்றேகால் ஏக்கர் மானாவாரி, ஒரு கிணறு. அப்போது யூ.டி.ஆர். என்று நில ஆவணங்களைப் புதுப்பிக்கும் வேலை ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தது. அதில் இவர் பெயர் விடுபட்டு, பட்டா கொழுந்தன் பெயருக்கு மட்டும் போய்விட்டது. மேல்முறையீடு செய்திருந்தார். பட்டா இல்லாமல் கிணற்றை ஆழப்படுத்தக் கூட்டுறவுக் கடன் கிடைக்காது. நம் சமவெளியில் கிணறு வற்றினால் என்ன ஆகும் என்று இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அளவை வரைபடம் ஒன்று வர வேண்டும். அது எங்கள் வளாகத்திலேயே எதிர்க் கட்டடத்தில் இருந்த ஒரு பிரிவிலிருந்து வர வேண்டும். நான் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. முப்பது நாளில் முதல் நினைவூட்டு. பிறகு இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொரு முறையும் பி.ஆரில் ஒரு தேதி ஏறியது. சூப்பிரண்டு பார்த்துச் சிவப்பு மையில் சுருக்கொப்பம் வைத்தார். கோப்பு உயிரோடு இருந்தது.

யூனிக்ஸில் 'டச்' என்று ஒரு கட்டளை உண்டு என்று பேத்தி சொன்னாள். கோப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், அதன் தேதியை மட்டும் இன்றைய தேதியாக்கும். தொட்டுவிட்டு வருவது. அதைக் கேட்டதும் சற்று நேரம் நான் பேசவில்லை. என் மூன்று நினைவூட்டுகளும் அதுதான்.

அந்த அம்மா திங்கட்கிழமைகளில் வருவார். நான், "நடவடிக்கையில் உள்ளது, போய் வாருங்கள்" என்பேன். அது பொய்யும் இல்லை. ஆறேழு முறை அப்படிப் போனவர் ஒரு நாள் நகரவில்லை. "நடவடிக்கையில இருக்குன்னா, எந்த மேசையில இருக்கு சாமி?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. வழி கேட்பதுபோல் கேட்டார். நான் பி.ஆரைப் புரட்டினேன். யாருக்கு எழுதினேன், என்று எழுதினேன் என்றெல்லாம் இருந்தது. எந்த மேசை என்று இல்லை.

"உங்கள் மனு வந்தே எட்டு மாதம்தானே ஆகிறது அம்மா" என்றேன். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த ஓர் அஞ்சல் ஒப்புகை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். மதுரை அலுவலக முத்திரை. 1983.

என் பதிவேட்டில் எட்டு மாதம். அவர் முடிச்சில் மூன்று வருடம். இரண்டுமே முத்திரை குத்திய தேதிகள்.

எழுந்து எதிர்க் கட்டடத்துக்கு நடந்தேன். எண்பது அடி இருக்கும். அங்கிருந்த எழுத்தர் நல்ல மனிதர். அவர் பதிவேட்டில் வரைபடம் அனுப்பப்பட்டது என்றே இருந்தது. இரண்டு பேருமாகத் தேடினோம். வரைபடம் தயாராகி, வேறொரு கோப்பின் டேக்கில் தவறிக் கோக்கப்பட்டு, பெஞ்சுக்கு அடியில் ஒரு கட்டில் இருந்தது. ஏழு மாதமாக. மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது, அவர் பக்கம். உத்தரவை வாங்க வந்தபோது, நிலத்தை மாசியிலேயே ஒத்திக்கு விட்டுவிட்டதாகச் சொன்னார். கிணற்றை இனி ஒத்திக்காரன்தான் வெட்ட வேண்டும் என்றார். நன்றியும் சொன்னார். அந்த நன்றியை எங்கே வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அதன் பிறகு நான் செய்தது ஒரு சிறு காரியம். அதற்கான யோசனை புதுச்சேரியிலிருந்து வந்தது. வேலையில் சேர்வதற்காகப் பிறப்புச் சான்று வாங்க அங்கே மேரிக்குப் போயிருந்தேன். 'எத்தா சிவில்' என்ற குடிமை நிலைப் பதிவேட்டைத் திறந்தார்கள். பிரெஞ்சில் 'எத்தா' என்றால் நிலை; ஆங்கிலத்து ஸ்டேட்டஸ் பிறந்த அதே லத்தீன் மூலம். அந்த முறையில் ஒருவரின் பிறப்புப் பதிவுதான் அடிப்படை. பின்னாளில் அவர் திருமணம் செய்தால் அதே பக்கத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதுவார்கள். பிரான்சில் 1897 முதல் இது சட்டம். 1945 முதல் இறப்பையும் குறிக்கிறார்கள். பக்கம் பிறந்த நாளிலேயே நிற்கும், மற்றதெல்லாம் ஓரத்தில் வந்து சேரும். அன்று அந்த எழுத்தர் ஏட்டைப் புரட்டியபோது ஓரங்களில் வேறு வேறு மையில், வேறு வேறு கையெழுத்தில் குறிப்புகள் நெருக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தது நினைவில் இருந்தது.

நான் என் பி.ஆரின் இடது ஓரத்தில், மாற்றலாகி வந்த கோப்பு ஒவ்வொன்றுக்கும், மூல மனுவின் தேதியைப் பென்சிலால் எழுதத் தொடங்கினேன். பென்சில், ஏனென்றால் அப்படியொரு கட்டம் விதியில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு போய் உட்கார்ந்து நூற்றுப் பதினொரு கோப்புகளுக்கு எழுதினேன். மறுமாதப் பட்டியல் அசிங்கமாக இருந்தது. சூப்பிரண்டு, "யாரைக் கேட்டு எழுதினீர்?" என்றார். திட்டினாரே தவிர அழிக்கச் சொல்லவில்லை. பழைய தேதிக்காரர்களை முதலில் எடுக்க ஆரம்பித்தோம்.

இதெல்லாம் நடந்தபோது கோப்பின் நிலையைக் கேட்கும் உரிமை என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. கேட்பது கெஞ்சலாக இருந்தது. தமிழ்நாடு 1997இல் தனக்கென்று ஒரு தகவல் உரிமைச் சட்டம் செய்தது. 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகு மனுதாரர்கள், "என் மனு ஒவ்வொரு நாளும் எந்த அலுவலரிடம் இருந்தது?" என்று எழுதிக் கேட்கத் தொடங்கினார்கள். என் கடைசி நாலு வருடம் அந்தக் கேள்விக்குப் பதில் தயாரித்தே கழிந்தது. அந்த அம்மா கேட்டதும் அதே கேள்விதான், இருபது வருடம் முன்னால். இப்போது ஈ-ஆபீஸ் வந்து, கோப்பு யார் முன்னால் கிடக்கிறது என்று திரையிலேயே தெரிகிறது என்கிறார்கள். நல்லது. மாவட்டம் பிரியும்போது மூலத் தேதி என்ன ஆகிறது என்று மட்டும் விசாரிக்க வேண்டும். நமக்குப் பிறகு எத்தனையோ மாவட்டங்கள் பிரிந்துவிட்டன.

என் கட்டுரைகளின் கதைக்கு வருகிறேன். தவறு பேத்தியுடையதுதான், அவளே ஒப்புக்கொண்டாள். பைத்தானில் கோப்பை நகலெடுக்க 'காப்பி' என்றும் 'காப்பி2' என்றும் இரண்டு உண்டு. முதலாவது உள்ளடக்கத்தையும் அனுமதியையும் மட்டும் எடுத்துப் போகும். இரண்டாவது, உள்ளடக்கம் மாறிய தேதியையும் கூடவே கொண்டுபோய் வைக்கும். ஓர் எண்தான் வித்தியாசம். அதைச் சேர்த்து மறுபடி ஓட்டினாள். தேதிகள் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்தன. என் மனைவி சொல்லச் சொல்ல நான் தட்டிவைத்த வடுமாங்காய்ப் பக்குவம், 2014 மார்ச் 9, மாலை 6 மணி 40 நிமிடம் என்று காட்டியது. பிறந்த தேதிகள் மட்டும் பழைய வட்டோடு நின்றுவிட்டன. அவற்றை எந்த நகலாலும் எடுத்து வர முடியாதாம்.

பழைய கணினியை எடைக்குப் போட்டுவிடலாம் என்றாள். வேண்டாம் என்று சொல்லி, துணியைச் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டேன்.